மூடி போட்ட குழாய்

நவம்பர் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு, பட்டறையின் கண்ணாடி அறையில், தம்பியின் பிக்கப் வண்டியிலிருந்து கழற்றிய மூன்றாம் நம்பர் இன்ஜெக்டரைச் சோதனை மேசையில் பொருத்தி அழுத்தம் கொடுத்தேன். அது ஒழுகியது.

அந்த முதல் தடவை நான் எதுவும் செய்யவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். குழாயிலிருந்த துருத் துணுக்கு ஒன்று உள்ளே போய்ச் சிக்கியிருந்தது. யாருடைய வண்டிக்கும் நடக்கக்கூடியதுதான்.

என் வேலை என்னவென்று சொல்லிவிட்டால் உங்களுக்குச் சுலபமாக இருக்கும். இன்ஜெக்டர் என்பது ஒரு சாண் நீளமுள்ள இரும்புக் குச்சி. அதன் நுனியில் தலைமுடியைவிடச் சிறிய ஓட்டைகள் இருக்கும். டீசல் அவற்றின் வழியாகப் புகை போலச் சிதறி சிலிண்டருக்குள் போக வேண்டும். சிதறாமல் சொட்டினால் வண்டி காலையில் கிளம்பாது. கிளம்பினாலும் வெள்ளைப் புகை விடும், தட்டும், மேட்டில் இழுக்காது. நாலு சிலிண்டருக்கு நாலு இன்ஜெக்டர். அவற்றையும் அவற்றுக்கு டீசல் கொண்டுவரும் குழாய்களையும் கழுவி, சோதித்து, சரிசெய்து தருவதைத்தான் பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். பட்டறையில் கதவு இருப்பது என் அறைக்கு மட்டும்தான். செருப்பை வெளியே விட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரலாம். முதலாளிக்கும் அதே சட்டம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நான் கழுவி முடித்த குழாயின் இரண்டு முனையிலும் சிவப்பு பிளாஸ்டிக் மூடி போடுவேன். மூடி இருந்தால் அது சுத்தம் என்று அர்த்தம். ஃபிட்டர் அதை வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கடைசி நிமிடத்தில்தான் மூடியை எடுத்து மாட்டுவார். உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார். பார்ப்பது என்னை அவமானப்படுத்துவது போல.

ஃபிட்டரை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். கேட்டுவிட்டு வியாதியின் பெயரைச் சொல்வார். அநேகமாகச் சரியாக இருக்கும்.

தம்பி எனக்குப் பதினான்கு வயது இளையவன். அவனுக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டார். அதற்கு முன்பே அப்பா போய்விட்டார். அவனை வளர்த்தது நான். இதைச் சொல்லி நான் எதையும் கேட்கவில்லை. அவனுக்குக் கல்யாணம் ஆனது, பாப்பா பிறந்தது, எல்லாரும் என் வீட்டிலேயே இருந்தோம். பாப்பாவுக்கு இப்போது நாலு வயது.

அக்டோபரில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் காட்டினான். மலைமேல் அணை கட்டுகிறார்கள். அங்கே பொருள் ஏற்றி இறக்க வண்டி கேட்டிருக்கிறார்கள், தங்க வீடும் தருகிறார்கள் என்றான். படத்தில் வீடு இல்லை. சாலை இருந்தது.

"முப்பத்தொன்பது வளைவுக்கா. நானே எண்ணிட்டேன்" என்றான்.

நான் அந்தச் சாலையைப் பார்த்தேன். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து எனக்குப் பயம். நெஞ்சில் வரும் பயம் இல்லை, கையில் வந்தது. சோதனை மேசையின் கைப்பிடியைப் பிடித்தால் அழுத்தம் காட்டும் முள் ஆடியது. என் வேலையில் கை ஆடக்கூடாது. அவன் வண்டி தெருமுனை திரும்பியதும் வேறு எந்தச் சத்தமும் என் காதில் ஏறாது. திரும்பி வந்து கேட் திறக்கும் சத்தம் கேட்கும் வரை, செய்துகொண்டிருந்த வேலை அப்படியே நின்றுவிடும். ஒரு தடவை அடுப்பில் பாத்திரம் கருகி, பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து அணைத்தார். நான் அடுப்புக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நவம்பர் பத்தாம் தேதி அவர்கள் புறப்படுவதாக இருந்தது. ஏழாம் தேதி இன்ஜெக்டர் ஒழுகியது. மாற்று இன்ஜெக்டர் வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்தான். என் கை ஆடுவது பத்தே நிமிடத்தில் நின்றுவிட்டது. பயம் விலகுவது எப்படி இருக்கும் தெரியுமா? அடைத்த காது திறந்துகொள்வது போல. தெருவில் சைக்கிள் மணி கேட்டது. பாப்பா பாடுவது கேட்டது. அந்த ஒன்பது நாளும் வண்டி வாசலில் நின்றது. நான் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு இன்ஜெக்டர் வந்தது.

நான் அவசரப்பட்டு முடிவெடுக்கிற ஆள் இல்லை. இரண்டு வாரம் யோசித்தேன். வால்வைத் தேய்த்துப் பொருத்துவதற்கு ஒரு பசை உண்டு. மாவு போல அரைத்த கல்தூள் அதில் இருக்கும். பட்டறையில் எல்லார் கைக்கும் எட்டும் இடத்தில் டப்பா டப்பாவாக இருக்கிறது. அதில் ஓர் ஊசி முனையளவு எடுத்து, கெட்டியான க்ரீஸில் குழைத்து, பயணத்துக்கு முன் கழுவுவதற்காகக் கழற்றி வந்த மூன்றாம் நம்பர் குழாயின் உள்சுவரில் தடவினேன். டீசல் ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இன்ஜெக்டருக்குள் போகும். அறுபது முதல் எண்பது கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டேன். ஊருக்குள் இரண்டு மூன்று நாள் ஓட்டினால் தட்ட ஆரம்பிக்கும், மெதுவாக வீடு வந்து சேரலாம். யாருக்கும் ஆபத்தில்லை. இரண்டு முனையிலும் சிவப்பு மூடி போட்டேன்.

டாக்டர் அதை மாட்டினார். டிசம்பர் முதல் வாரம், அவர்கள் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, வண்டி வெள்ளைப் புகை விட்டது.

மூன்றாவது தடவை ஜனவரியில். நான்காவது தடவை பிப்ரவரியில். அதே குழாய், அதே இன்ஜெக்டர்.

ஏன் மூன்றாவது மட்டும் கெடுகிறது என்று டாக்டரும் கேட்டார். எனக்கு அந்த இன்ஜின் பிடிக்கும். நல்ல இன்ஜின். டேங்கில் எதையாவது கொட்டியிருந்தால் நாலு இன்ஜெக்டரும் போயிருக்கும், பம்ப்பும் போயிருக்கும். அப்படி வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை கெட்ட இடத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

டாக்டருக்கு அது பெரிய புதிராக இருந்தது. "கெட்ட டீசல்னா நாலும் போகணும். ஒயர் கோளாறுன்னா கம்ப்யூட்டர் காட்டணும். இது என்னடா உன் வண்டி, மூணாவது பிள்ளைய மட்டும் தேடித் தேடி அடிக்குது" என்று தம்பியிடம் சொன்னார். "பேசாம மூணு சிலிண்டர் வண்டியா மாத்திரலாமா?"

"மாத்துங்கண்ணே. ஒரு சக்கரத்தையும் கழட்டிட்டீங்கன்னா ஆட்டோன்னு சொல்லி ஓட்டிக்கிறேன்" என்றான் தம்பி.

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். டாக்டர் ஃபில்டரை மாற்றினார், டேங்கை இறக்கிக் கழுவினார், ஒயரை முழுக்கப் பிரித்துப் பார்த்தார். கண்ணாடி அறையை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை.

சோதனைத் தாளில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஏதாவது எழுத வேண்டும். பிப்ரவரியில் 'டீசலில் தண்ணீரும் தூசியும்' என்று எழுதினேன். தம்பி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தான் வழக்கமாக டீசல் போடும் பங்க்குக்குப் போய்க் கத்திவிட்டு வந்தான். அங்கே பம்ப் அடிக்கும் பெரியவர் ஒருவர். இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். கலப்படம் செய்தது அவர்தான் என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு நாள் அவரைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களாம்மா? தம்பி வண்டி ஓடுதா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். அவருக்கு உட்கார இடம் கொடுத்தேன்.

தம்பி மாறிப்போயிருந்தான். சாவியைத் திருப்புவதற்கு முன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வான். இன்ஜின் கிளம்பியதும் தலையைச் சாய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு, மூன்றாவது தட்டுகிறதா என்று கேட்பான். ஆளில்லாத சாலையில் நின்றுவிடுமோ என்று தூரச் சவாரிகளை விட்டுவிட்டான். வண்டியைக் கண்டு ஒரு டிரைவர் பயப்படுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. பாப்பா அவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அவன் சாவியை எடுத்தாலே இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். பயந்தால் ஜாக்கிரதையாக ஓட்டுவான் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

தம்பி மனைவி வேறு மாதிரி. அவள் அதிகம் பேச மாட்டாள், பார்ப்பாள். பிப்ரவரியில் ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அண்ணி, நாங்க பெட்டி கட்டினா வண்டிக்கு எப்படித் தெரியுது?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

அதற்குப் பிறகு பாப்பாவை என்னோடு தனியாக விடுவதில்லை. நான் குளிப்பாட்டப் போனால், "இருக்கட்டும் அண்ணி, நான் பாத்துக்கிறேன்" என்று வந்து நின்றுவிடுவாள். நான் சமையலறைக்குள் வந்தால் அவள் சுவரை ஒட்டி நகர்ந்து வெளியே போவாள். என்னிடம் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கிறது, அதனால் குமட்டுகிறது என்று நினைத்து, நான் இரண்டு தடவை குளிக்க ஆரம்பித்தேன். அவள் பயந்திருக்கிறாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பயப்படுகிற ஆள் அந்த வீட்டில் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் அவர்கள் என்னிடம் சொல்லாமலே பெட்டி கட்டியிருந்தார்கள். பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பாப்பாவின் ஸ்வெட்டர் மேலாக இருந்தது. அணை மேற்பார்வையாளர் வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வேறு வண்டி வைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாராம். தம்பி திங்கட்கிழமை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, "அண்ணே, ஒரு தடவை எல்லாத்தையும் பாத்துருங்க" என்று டாக்டரிடம் கெஞ்சினான். டாக்டர் நாலு இன்ஜெக்டரையும் நாலு குழாயையும் கழற்றி என்னிடம் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் கழுவினேன். மூன்றாம் குழாயில் வழக்கம் போலத் தடவி, மூடி போட்டுக் கொடுத்தேன். இந்த முறை கொஞ்சம் கூடுதலாகத் தடவினேன், புதன்கிழமைக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பதற்காக.

இங்கேதான் கணக்குத் தப்பியது. செவ்வாயும் புதனும் அவன் லோடுக்குப் போவான் என்று நினைத்திருந்தேன். அவன் போகவில்லை. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டிவிட்டான்.

"வியாழக்கெழம வரைக்கும் தொடவே மாட்டேன்கா. நல்லா இருக்குறப்பவே மேல கொண்டு போயிரணும்" என்றான்.

சமையலறை ஜன்னலிலிருந்து அந்தத் தார்ப்பாயைப் பார்க்கலாம். இரண்டு நாள் பார்த்தேன். செவ்வாய் சாயந்திரம், "ஒரு ரவுண்டு போயிட்டு வாடா, நின்ன வண்டி பேட்டரி இறங்கிரும்" என்றேன். "புது பேட்டரிக்கா" என்றான். புதன் காலை, "கடைக்குப் போகணும், வண்டில கூட்டிட்டுப் போ" என்றேன். என்னை நடத்தியே கூட்டிக்கொண்டு போனான். வழியெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தான். அணைக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம், பாப்பாவைச் சேர்க்கலாமாம். நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன் என்பதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓட்டாத உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடும்போதுதான் பிரேக் மெத்தென்று இருக்கும். இன்ஜின் நின்றுவிட்டால் இரண்டு மிதிவரை பிடிக்கும். அதற்குமேல் மிதி கல் மாதிரி ஆகிவிடும். ஸ்டியரிங்கும் அப்படித்தான். சமதரையில் இது ஒரு பிரச்சினையே இல்லை. மேட்டில், பின்னால் பாரத்தோடு, பிரச்சினை. மலையடிவாரம் எழுபதாவது கிலோமீட்டரில் இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாரம் ஏற்றி முடித்தார்கள். பீரோ, கட்டில், பாத்திர மூட்டை, பாப்பாவின் மூன்று சக்கர சைக்கிள். தம்பி கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். நான் கேட்டுக்கு அருகில் நின்றேன். கை மறுபடியும் ஆட ஆரம்பித்திருந்தது. முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

தம்பி மனைவி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பாப்பாவ விட்டுட்டுப் போங்க. நீங்க போய் வீட்ட ஒழுங்குபண்ணுங்க. ஒரு வாரம் கழிச்சு நானே பஸ்ல கூட்டிட்டு வரேன்" என்றேன்.

அவள் நின்றுவிட்டாள்.

"ஏன் அண்ணி?"

"சும்மாதான். குளிரா இருக்கும்."

அவள் பாப்பாவை இறுக்கிக்கொண்டாள். தம்பிக்குக் கேட்காதபடி, கிட்டத்தட்ட மூச்சாக, கேட்டாள். "வண்டில ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லிருங்க அண்ணி. நான் அவர்ட்ட சொல்ல மாட்டேன். எங்கேயும் போக மாட்டோம், இங்கேயே இருந்துக்கிறோம். சொல்லுங்க."

இதைவிடச் சுலபமாக யாரும் என்னிடம் கேட்டிருக்க முடியாது. நான் கேட்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கிடைத்திருக்கும். ஆனால் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அவள் அந்த வீட்டில் என்னைப் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும் என்று நினைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

"ஒண்ணுமில்ல. நானே சோதிச்சுக் குடுத்தது" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் ஏறி உட்கார்ந்தாள். பாப்பா காதைப் பொத்திக்கொண்டாள். தம்பி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். இன்ஜின் மிக அழகாகக் கிளம்பியது. அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பாத்தியாக்கா, ஒரு தட்டு இல்ல" என்றான்.

அவனிடம் போன் இருந்தது. மலையடிவாரம் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஒன்றரை மணி நேரமும் என் போனைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டும்போது போன் பேசுவது ஆபத்து என்று நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதனால் கூப்பிடவில்லை.

இருபத்திரண்டாவது வளைவில் இன்ஜெக்டர் முழுவதும் திறந்தபடி சிக்கிக்கொண்டது. மூன்றாவது சிலிண்டரில் டீசல் நிரம்பி இன்ஜின் இறுகி நின்றது. பிரேக் இரண்டு மிதிக்குப் பிடித்தது. வண்டி பின்னோக்கி உருண்டது. பாறைப் பக்கம் திருப்பப் பார்த்தான் என்று பின்னால் வந்த பஸ் டிரைவர் சொன்னார். ஸ்டியரிங் திரும்பவில்லை.

பதினொன்றே காலுக்குப் போன் வந்தது. தம்பி மனைவி அந்த இடத்திலேயே இறந்துவிட்டாள். தம்பிக்கு இடுப்பெலும்பும் ஒரு காலும் முறிந்திருந்தன. பாப்பாவுக்கு நெற்றியில் நாலு தையல்.

தம்பி ஏழு வாரம் மருத்துவமனையில் இருந்தான். நான் விடுப்புப் போட்டேன். காலையில் அவனுக்கு முகம் துடைத்துவிடுவேன், ஊட்டிவிடுவேன். பாப்பா என் மடியில் தூங்குவாள். "நான்தான்கா கொன்னுட்டேன். கீழேயே நிறுத்தி ஒரு தடவை பாத்துருக்கணும்" என்று அவன் அழுவான். அப்படியெல்லாம் நினைக்கக்கூடாது என்று தலையைத் தடவிக்கொடுப்பேன். வீட்டில் முன்னறையை அவனுக்காக ஒழித்து, கட்டிலை ஜன்னலோரம் போட்டேன். பாப்பாவுக்கு என் அறையில் சின்னப் படுக்கை. கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன், அந்த ஏழு வாரமும் எனக்குப் பயமே இல்லை.

போன வியாழக்கிழமை இன்ஷூரன்ஸ்காரர்கள் இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வண்டியைப் பட்டறைக்கு அனுப்பினார்கள். நான் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். டாக்டர் மூன்றாம் குழாயைக் கழற்றி, உள்ளே ஒரு கம்பியை விட்டு இழுத்து, கம்பியில் ஒட்டியதை விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் ரொம்ப நேரம் தேய்த்தார். பிறகு பூட்ஸோடு என் அறைக்குள் வந்தார்.

"இது வால்வு தேய்க்கிற பேஸ்ட்டு" என்றார்.

"ஆமாம்."

"எத்தனை தடவை?"

"நாலு."

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான்ல மாட்டினேன். நாலு தடவையும் நான்ல மாட்டினேன்." நாற்காலியைத் தள்ளிக்கொடுத்தேன், உட்காரவில்லை. சுவரோரமாகவே நடந்து, எனக்கு முதுகு காட்டாமல் வெளியே போனார். வாசலில் நின்று, "உங்க தம்பிகிட்ட நான் சொல்றேன். போலீஸ்கிட்ட நீங்களே போறீங்களா, அதுக்கும் நான் போகவா?" என்று கேட்டார். நானே போகிறேன் என்றேன்.

உடனே வரவில்லை. மூன்று நாள் தம்பியைத் தேடினேன். வேலைக்குப் போவதற்காகப் பாப்பாவைத் தம்பி மனைவியின் அம்மாவிடம் விட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்குப் போனபோது கட்டில் காலியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, பாப்பாவையும் அழைத்துக்கொண்டு போய்விட்டான் என்றாள் நர்ஸ். எங்கே என்று சொல்ல மாட்டேன் என்றாள். அவன் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. தம்பி மனைவியின் அம்மா வீடு பூட்டியிருக்கிறது. அவனால் ஊன்றுகோல் இல்லாமல் நாலடி நடக்க முடியாது. பாப்பாவை யார் குளிப்பாட்டுகிறார்கள், அந்த வீட்டுக்கு மாடிப்படி உண்டா, வாசலில் சாலை இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. பாருங்கள், கை மறுபடியும் ஆடுகிறது.

நான் சொன்னது எல்லாம் உண்மை. எதையும் மாற்றிச் சொல்ல மாட்டேன். வழக்குக்காக அவனுடைய புது முகவரியை நீங்கள் வாங்கியிருப்பீர்கள். அதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பிறகு எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.